காய்ச்சலை மறைச்சுட்டு கப்பல் ஏறினவங்க

லீவு சீசன் நெருங்கினா ஓபி-யில் இப்போ புதுசா ஒரு கோரிக்கை வருது. "சார், குரூஸ் போறோம். அப்பாவுக்கு ஒரு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேணும்." முன்னெல்லாம் ஃபிட்னஸ்னு கேட்டா டிரைவிங் லைசென்ஸுக்கு இருக்கும், இல்லாட்டி அமர்நாத் யாத்திரைக்கு இருக்கும். இப்போ கப்பல். நல்ல விஷயம்தான், போய்ட்டு வாங்க.

ஆனா கையெழுத்துப் போடப் போகும்போது குரலைத் தாழ்த்தி இன்னொரு வரி வரும். "ஸ்டென்ட் வச்சதை மட்டும் எழுதாம விட்டுடுங்களேன் சார். இன்சூரன்ஸ் பிரீமியம் ஏறுது."

இந்த த்ரெட் அந்த இரண்டாவது வரிக்காக. கொஞ்சம் நீளம். பாதிக்கு மேல வரலாறு, மீதி கப்பலில் போறவங்களுக்கு ஒரு டாக்டரா நான் சொல்ல விரும்புறது. ரெண்டையும் தனித்தனியா எழுத முடியல. ஏன்னா இன்னைக்கு கப்பல் கம்பெனி உங்ககிட்ட நீட்டுற ஒவ்வொரு ஃபாரத்துக்கும் பின்னால யாரோ செத்த கதை ஒன்னு இருக்கு. அதில் நம்ம ஊர்க்காரங்களும் நிறைய பேர் இருக்காங்க.

சேலத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். இங்க தண்ணின்னா மேட்டூர் டேம், படகுன்னா ஏற்காடு ஏரி. ஆனா சூரமங்கலத்தில்தான் சேலம் ஜங்ஷன் இருக்கு. சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போன ரயில் பாதை 1860களின் தொடக்கத்திலேயே இங்க வந்துடுச்சு. அதே காலத்தில்தான் தமிழ்நாட்டு உள்மாவட்ட ஜனங்க கும்பல் கும்பலா கப்பல் ஏறவும் ஆரம்பிச்சாங்க. மழை பொய்ச்ச வருஷம், கடன், சாதிக் கொடுமை, கங்காணியின் ஆசை வார்த்தை... காரணம் எதுவா இருந்தாலும் வழி ஒன்னுதான்: ரயில் ஏறு, துறைமுகம் போ.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16-ம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். சில நாள் கழிச்சு கொல்கத்தாவிலிருந்து பெல்வெடர்னு அடுத்த கப்பல் வந்தது. வழியிலேயே காலரா, சாவு. கரைக்கு வந்தும் உடனே இறங்க விடல.

இலங்கைக் காபித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவங்க இதைவிடப் பல மடங்கு அதிகம். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு பல பகுதிகளிலிருந்தும் போனாங்க. ஆரம்ப காலத்தில் மன்னார் பக்கம் இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. அந்தப் பாதையில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் செத்தவங்க ஆயிரக்கணக்கில். யாரும் ஒழுங்கா எண்ணி வைக்கல. எண்ணி வைக்கணும்னு தோணவே ரொம்ப காலம் ஆச்சு.

எண்ண ஆரம்பிச்சது எப்பன்னு பார்த்தா, ஒவ்வொரு தலைக்கும் காசு வந்த பிறகுதான்.

இது எங்க துறை சம்பந்தப்பட்டது என்பதால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஃபிஜி, கயானா, டிரினிடாட் மாதிரி தூர தேசங்களுக்குப் போன ஒப்பந்தக் கப்பல்களில் 'சர்ஜன் சூப்பரின்டெண்டென்ட்' என்று ஒரு டாக்டர் கட்டாயம் இருக்கணும். சாப்பாடு, தண்ணீர், தளம் கழுவுறது, நோயாளியைப் பிரிச்சு வைக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குச் சம்பளம் எப்படின்னா, அக்கரையில் உயிரோடு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை ஷில்லிங். செத்தவங்களுக்குக் கிடையாது.

முதல் தடவை படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் குமட்டுச்சு. மனுஷனை மூட்டை மாதிரி எண்ணிக் கூலி வாங்குறதான்னு. அப்புறம் யோசிச்சா, அந்தக் காலத்துக்கு அது ஓரளவு புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். டாக்டரின் நேர்மையை நம்பாம அவர் பையை நம்பினாங்க. ஆனா அதில் இன்னொரு பக்கமும் இருக்கு. உயிரோட இறங்கினா போதும். இறங்கின மறுவாரம் என்ன ஆச்சுன்னு அந்தக் கணக்கில் வராது.

இனி மண்டபம்.

ராமேஸ்வரம் போற ரயிலில் பாம்பன் பாலத்துக்கு முன்னாடி 'மண்டபம் கேம்ப்'னு ஒரு ஸ்டேஷன் வரும். பெரும்பாலானவங்களுக்கு அது இலங்கை அகதிகள் முகாமாகத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி அது என்ன தெரியுமா? இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்தின தனிமைப்படுத்தும் முகாம். தூத்துக்குடி வழியா போன காலத்தில் தட்டப்பாறையில் இருந்த முகாமின் வேலையை, 1914-ல் பாம்பன் பாலம் திறந்து ராமேஸ்வரம் பாதை வந்த பிறகு மண்டபம் எடுத்துக்கிச்சு.

சேலத்துக்காரர் ஒருத்தர் ஈரோடு, திருச்சி வழியா அங்க போய் இறங்கினா என்ன நடக்கும்? துணியை வாங்கி நீராவியில் கிருமி நீக்கம் பண்ணுவாங்க. குளிக்க வைப்பாங்க. பெரியம்மைத் தடுப்பூசி. கொக்கிப்புழுவுக்கு மருந்து. (இன்னைக்கு பள்ளிக்கூடத்தில் பசங்களுக்கு நாம அல்பெண்டசோல் கொடுக்குறோமே, அதே புழுவுக்குத்தான், அன்னைக்கு மருந்து ரொம்பக் கடுமை.) அப்புறம் ஐந்தாறு நாள் உள்ளேயே இருக்கணும். ஏன் ஐந்தாறு நாள்? காலராக் கிருமி உள்ளே போனா 5 நாளுக்குள்ள தெரிஞ்சுடும். பிளேக்குக்கு 6 நாள் கணக்கு. அதுக்குள்ள யாருக்கும் வயிற்றால போகல, காய்ச்சல் இல்லன்னா தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார்.

அறிவியலா பார்த்தா குறை சொல்ல முடியாத ஏற்பாடு. 1377-ல் அட்ரியாட்டிக் கடற்கரை ரகூசாவில் பிளேக்குக்குப் பயந்து வெளியூர்க்காரங்களை 30 நாள் தள்ளி வைச்சாங்க. அது பின்னாடி 40 நாள் ஆகி, 'குவாரண்டைன்' என்ற பேரே அந்த நாற்பதிலிருந்து வந்தது. மண்டபத்தில் அந்த நாற்பதை நோய்க்கு ஏத்தபடி ஐந்தாறாகக் குறைச்சிருந்தாங்க. நல்ல முன்னேற்றம்.

ஆனா முகாமில் அடைக்கப்பட்டது யாரு? தோட்டத்துக்குப் போற தொழிலாளி. அதே போட் மெயிலில் முதல் வகுப்பில் வந்த வசதியானவருக்கு ஒரு அனுமதிச் சீட்டு. "நீங்க கொழும்பு போங்க, அங்க சுகாதார அதிகாரியைப் போய்ப் பார்த்துக்குங்க." காலராக் கிருமி டிக்கெட் வகுப்பு பார்த்தா ஏறும்?

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். முகாமில் ஒருத்தருக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சா அவர் மட்டும் நிற்கிறதில்ல. குடும்பம் நிற்கும், அல்லது குடும்பம் பிரியும். கங்காணி ஏற்கெனவே செலவுக்கணக்கு எழுதி வைச்சிருப்பார். தங்குற ஒவ்வொரு நாளும் வேலை இல்லாத நாள். திருப்பி அனுப்பினா ஊரில் கடன்காரன் நிக்கிறான், மானம் கப்பலேறிடும். அப்படி இருக்குறப்போ காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை எந்தத் தாய் டாக்டர் முன்னாடி கொண்டு போய் நிறுத்துவா? போர்வைக்குள்ள ஒளிச்சு வைப்பா. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மலேயாப் பக்கமும் இதே கதைதான், கடல் மட்டும் பெரிசு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் குடியேறிகளுக்கான முகாம்கள் இருந்தன. (டாங்க் தொழிற்சாலை வர்றதுக்கு முன்னாடி ஆவடிக்கு இப்படி ஒரு வாழ்க்கை.) அக்கரையில் பினாங்குக்குப் பக்கத்துல ஜெரஜாக் தீவு, சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவு. ரெண்டும் குவாரண்டைன் தீவுகள். செயின்ட் ஜான்ஸ் 1870களில் ஒரு காலராக் கொள்ளைக்குப் பிறகு வந்தது. டெக் பயணிகள் அங்க இறங்கிப் பரிசோதனை முடிச்சுத்தான் ஊருக்குள்ள கால் வைக்கணும். கப்பலில் ஒரே ஒருத்தருக்கு அம்மைன்னாலும் டெக்கில் வந்த அத்தனை பேரும் தீவில்தான்.

டெக் பயணின்னா என்னன்னு இன்னைக்குப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. கேபின் கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரிச்ச இடம் உங்க இடம், தகரப்பெட்டி உங்க சுவர். எஸ்.எஸ். ரஜூலான்னு ஒரு கப்பல். பெரியவங்க யாராச்சும் மலேயா, சிங்கப்பூர்ல இருந்துட்டு வந்தவங்க வீட்டில் இருந்தா கேட்டுப் பாருங்க, பேரைச் சொன்னதும் முகம் மாறும். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டின பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இப்போ கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர். கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம். நாகையில் ஆழத் துறைமுகம் இல்லாததால கப்பல் தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏறணும். வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க எல்லாம் அந்த ஆட்டத்தில்தான் ஏறினாங்க.

ரஜூலாவுக்கு ஆரம்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. கப்பலின் எடை அளவு சுமார் 8,500 டன். இன்னைக்கு அதே 5,000 பேரை ஏற்றும் சொகுசுக் கப்பல்கள் ஒரு லட்சம் டன்னுக்கு மேல. நெருக்கம் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. டைட்டானிக் மூழ்கின பிறகு உலகம் முழுக்க வந்த உயிர்க்காப்பு விதிகள் இந்த மாதிரி டெக் கப்பல்களுக்குக் கட்டுப்படியாகாதுன்னு, 1931-ல் சிம்லாவில் கூடி தனியா தளர்வான விதி எழுதினாங்க. சிம்லா விதிகள்னே பேரு. சரி, டெக்கில் போறவன் உயிருக்கு விலை கம்மி; இதையும் யாரோ கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்து எழுதியிருக்காங்க.

ரஜூலா 1973 வரைக்கும் ஓடிச்சு. அதே பாதையில் அடுத்து வந்தது எம்.வி. சிதம்பரம், வ.உ.சி. பெயரில். பழைய பிரெஞ்சுக் கப்பலை வாங்கிப் பேர் மாத்தினாங்க. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோட மோதி ஜெயிலுக்குப் போன மனுஷன் பெயரில், அதே கம்பெனியின் பாதையில் இந்திய அரசுக் கப்பல். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடிச்ச இடம் இது.

சரி, இவ்வளவு கதை எதுக்கு?

அன்னைக்கு நோயை மறைச்சவங்களுக்கு நியாயம் இருந்துச்சு. உண்மையைச் சொன்னா தண்டனை அவங்களுக்கு, நன்மை முதல் வகுப்புக்காரருக்கு. இன்னைக்கு ஸ்டென்டை மறைக்கச் சொல்றவருக்கு அந்த நியாயம் இல்ல. மறைச்சா முதல்ல அடிபடுறது அவரேதான். எப்படின்னு சொல்றேன்.

நம்ம ஊர் மெடிக்ளைம் பெரும்பாலும் இந்திய எல்லைக்கு வெளியே செல்லாது. குரூஸுக்குத் தனியா டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கணும். அதில் 'ஏற்கெனவே உள்ள நோய்'னு ஒரு கட்டம் இருக்கும். சர்க்கரை, பிபி, ஸ்டென்ட், பழைய ஸ்ட்ரோக் எல்லாம் அங்க எழுதணும். எழுதாம விட்டு நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தா, கப்பல் ஆஸ்பத்திரி பில் டாலரில் உங்க ரூம் கணக்கில் ஏறும். இறங்கும்போது நீங்க கட்டிட்டுத்தான் வரணும். ஊருக்கு வந்து கிளைம் போட்டா, ஆஞ்சியோ ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு நிராகரிச்சிடுவாங்க. பிரீமியத்தில் மிச்சம் பண்ணினது சில ஆயிரம், போறது சில லட்சம். பாலிசியில் 'மருத்துவ வெளியேற்றம்' இருக்கான்னு பாருங்க. ஹெலிகாப்டரிலோ பக்கத்துத் துறைமுகத்திலோ இறக்கி ஊருக்குக் கொண்டு வர்ற செலவு அதில்தான் வரும்.

கப்பல் ஆஸ்பத்திரியைப் பத்தி ஒரு தவறான நம்பிக்கை இருக்கு, "பெரிய கப்பல் சார், உள்ளேயே ஆஸ்பத்திரி இருக்கு"ன்னு. இருக்கு. டாக்டர், நர்ஸ், ஈசிஜி, ஆக்ஸிஜன், அவசர மருந்துகள் எல்லாம் இருக்கும். கேத் லேப் இருக்காது, ஆபரேஷன் தியேட்டர் பொதுவா இருக்காது, ரத்த வங்கி இருக்காது. அவங்க வேலை உங்களைக் கரை வரைக்கும் தாக்குப்பிடிக்க வைக்கிறது. ஹெலிகாப்டரும் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரைக்கும்தான் வரும். அதனால ஹார்ட் அட்டாக் வந்து சில வாரம்தான் ஆச்சு, நடந்தா மூச்சு வாங்குது, சர்க்கரை 400-க்கும் 60-க்கும் ஊஞ்சல் ஆடுதுன்னா பயணத்தைத் தள்ளிப் போடுங்க. கடல் எங்கயும் போகாது. ஸ்டென்ட் வச்சு பல மாசமாகி, மாத்திரை ஒழுங்கா எடுத்து, மாடிப்படி சிரமமில்லாம ஏறுறாரா? தாராளமா கூட்டிட்டுப் போங்க, எழுதிக் கொடுத்துட்டே போங்க. கர்ப்பிணிகளை 24 வாரம் தொட்டுட்டா பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுறதில்ல. திரும்பி வர்ற தேதிக்கு எத்தனை வாரம்னு கணக்குப் போடுங்க, போற தேதிக்கு இல்ல. 6 மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கும் பொதுவா இடம் கிடையாது.

மாத்திரையைக் கைப்பையில் வைங்க. பெரிய பெட்டி உங்க கேபினுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து கொட்டாதீங்க, ஸ்ட்ரிப்பாவே இருக்கட்டும். போற நாளைவிட நாலஞ்சு நாளுக்கு அதிகமா எடுங்க, அதில் பாதி துணைக்கு வர்றவங்க பையில். சீட்டில் கம்பெனிப் பேரோட மருந்தின் வேதிப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்க; நம்ம ஊர் பிராண்டு பேர் கிரீஸ் நாட்டு டாக்டருக்குப் புரியாது. பழைய ஈசிஜி போட்டோ போனில் இருக்கட்டும். புது ஈசிஜி எடுக்குறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கடல் மயக்கம். ரஜூலாவில் போனவங்க ஊறுகாயும் இஞ்சியும் வச்சே சமாளிச்சாங்க. இஞ்சிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு, அதனால பஸ் ஸ்டாண்டில் விக்கிற இஞ்சி மரப்பாவை நான் கேலி பண்ண மாட்டேன். இதோட, கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் உள்ள கேபின் எடுங்க. அங்க ஆட்டம் கம்மி. தலை சுத்துச்சுன்னா உள்ளே போய்ப் படுத்து போனைப் பார்க்காம, வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்க. மாத்திரைன்னா வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனம் கம்மி, கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். புரோமெத்தசின் வகை மாத்திரை நல்லா கேட்கும், தூக்கமும் வரும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய் இருக்கிற பெரியவர்கள் கேட்காம போடக் கூடாது. அதைப் போட்டுட்டு பார் பக்கம் போறவங்களுக்கு நான் தனியா ஒன்னும் சொல்றதுக்கில்ல. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அலை அதிகம். 2023 அக்டோபர் 14-ல் ஆரம்பிச்ச நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் சில நாளில் நிறுத்தப்பட்டு மறுவருஷம் ஆகஸ்டில்தான் திரும்ப ஓடிச்சு. தேதி பார்க்குறப்போ இதையும் பாருங்க.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை, இது முக்கியம். வாந்தியில் சாப்பாடு தங்கல, ஆனா வழக்கம்போல இன்சுலினையோ கிளிமிப்பிரைடையோ போட்டுட்டா சர்க்கரை தடாலுன்னு இறங்கிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வாந்தி நேரத்தில் வேற ஆபத்து கொடுக்கும். சாப்பிட முடியாத நாளில் எதை நிறுத்தணும், எதைக் குறைக்கணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. கப்பலில் இருந்து எங்களுக்கு வாட்ஸ்அப் பண்ண வைஃபை கிடைக்கும்னு நம்பாதீங்க.

இப்போ தொற்று நோய். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் நின்னது நினைவிருக்கும். கப்பலில் 3,711 பேர், தொற்று 712 பேருக்கு. ஆரம்பம், ஜனவரி 25 அன்னைக்கு ஹாங்காங்கில் இறங்கிப்போன ஒரே பயணியிடம் கண்டுபிடிச்ச தொற்று. அதில் 138 இந்தியர்கள் இருந்தாங்க; அதில் 132 பேர் ஊழியர்கள், 6 பேர்தான் பயணிகள். பயணிகள் கேபினுக்குள் அடைபட்டிருந்தப்போ சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது ஊழியர்கள். அவங்க படுத்தது பகிர்வு அறைகளில். மண்டபத்தைப் படிச்சவனுக்கு இதில் ஆச்சரியம் இல்ல. கப்பலில் எப்பவும் ஒரு மேல்தளம், ஒரு கீழ்த்தளம் உண்டு. நம்ம ஆளுங்க இன்னும் கீழ்த்தளத்தில்தான் அதிகம்.

உங்க பஃபே தட்டைத் துடைக்கிற பையன் நாகர்கோவில்காரனாவும் இருக்கலாம். நீங்க மறைச்ச காய்ச்சல் முதல்ல அவனுக்குத்தான் போகும். அவனுக்கு லீவு போடறது சுலபமில்ல.

கோவிட் போயிடுச்சு, ஆனா கப்பலுக்குன்னே இருக்கிற மாதிரி ஒன்னு உண்டு, நோரோவைரஸ். வாந்தி, வயிற்றுப்போக்கு. நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள் போதும் தொத்திக்க. அமெரிக்காவின் சிடிசி, அவங்க எல்லைக்குள்ள வர்ற கப்பல்களில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுக் கோளாறு வந்துட்டாலே பேரோட வெளியிடுறாங்க. வாசலில் வச்சிருக்கிற சானிடைசர் ஜெல் இதுக்குச் சரியா வேலை செய்யாது. சோப்பு, தண்ணீர், 20 வினாடி. வாந்தி நின்ன பிறகும் 48 மணி நேரம் கேபினிலேயே இருங்க. "காசு கொடுத்து வந்துட்டு ரூம்லயே உட்காரவா"ன்னு தோணும். கப்பல் கேப்டன் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பலில் எத்தனை பேருக்கு நோய், யாராவது இறந்தாங்களான்னு சுகாதார உறுதிமொழி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அவருக்கே தெரியாட்டி அவர் எதை எழுதுவார்?

தொத்து நோயைவிட நான் பயப்படுறது வேற. பாத்ரூம். கப்பல் பாத்ரூம் வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி மாதிரி இருக்கும், தண்ணி வெளியே வராம இருக்க. ராத்திரி அரைத்தூக்கத்தில் எழுந்து போற பெரியவர் அதில் தடுக்கினா இடுப்பு எலும்பு. ராத்திரி விளக்கு எரியட்டும், கைப்பிடியைப் பிடிச்சுட்டே போகச் சொல்லுங்க, ரப்பர் அடிப்பாகச் செருப்பு வாங்கிக் கொடுங்க. இந்த வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சாலும் சரி.

அடுத்து, கப்பல் கிளம்பும்போது அலாரம் அடிச்சு எல்லாரையும் ஒரு இடத்தில் கூட்டி லைஃப் ஜாக்கெட் பத்தி சொல்வாங்க. நம்ம ஆளுங்க அப்போதான் செல்ஃபி எடுப்பாங்க. 2012 ஜனவரி 13, இத்தாலியின் ஜில்யோ தீவுக்கிட்ட கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தது. 32 பேர் செத்தாங்க. அன்னைக்கு சாயந்திரம் புதுசா ஏறின கிட்டத்தட்ட 700 பேருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கல. மறுநாள் நடத்தலாம்னு இருந்தாங்க, அன்றைய விதி அதை அனுமதிச்சது. 2015 முதல் விதி மாறி, கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியாகணும். நம்ம எம்.வி. சிதம்பரமும் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடிச்சது. பலர் இறந்தாங்க. சென்னை–சிங்கப்பூர் கப்பல் பயணம் அதோட முடிஞ்சது. கேபினிலிருந்து உங்க கூடுமிடம் வரைக்கும் லிஃப்ட் இல்லாம படி வழியா ஒரு தடவை நடந்து பாருங்க, அப்பாவையும் நடக்க வைங்க. அவரால முடியலன்னா முன்னாடியே ஊழியர்கிட்ட சொல்லி வைங்க. இதுவும் மறைக்கக் கூடாத விஷயம்தான்.

காசு விஷயம் என் துறை இல்ல, இருந்தாலும் ஒன்னு. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினப்போ பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தூத்துக்குடி–கொழும்பு கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கி, அப்புறம் இலவசமாவே கூட்டிப்போய், கூடக் குடையும் கொடுத்தாங்க. குடை வாங்கினவங்க சந்தோஷமாத்தான் போயிருப்பாங்க. சுதேசிக் கம்பெனி சில வருஷத்தில் மூடப்பட்டது, கட்டணம் யார் கையில் போச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. இன்னைக்கும் விளம்பரத்தில் வர்ற 'இவ்வளவுதான்' தொகையில் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர் டிப்ஸ், வைஃபை, கரைச் சுற்றுலா எல்லாம் இருக்கான்னு கேளுங்க. கேட்டுட்டு, இன்சூரன்ஸுக்கும் அதே பட்ஜெட்டில் இடம் வைங்க.

கடைசியா, தேதி போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது மஞ்சள் காய்ச்சல். இது மஞ்சள் காமாலை இல்ல, கொசு பரப்பும் வேற வைரஸ். பிரேசில், கென்யா மாதிரி நாடுகளில் கப்பல் நின்னாலும் திரும்பி இந்தியா வரும்போது தடுப்பூசி அட்டை கேட்பாங்க. எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டோம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை துறைமுக சுகாதார அலுவலகம் மாதிரி அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான். 60 வயசுக்கு மேல, முட்டை அலர்ஜி, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்கிறவங்க முதல்ல பேசிட்டுப் போங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். ஆனா போட்ட 10-வது நாளில் இருந்துதான் அட்டை செல்லும். அட்டை இல்லாம அந்த நாடுகளுக்குப் போய்ட்டு வந்து இறங்கினா 6 நாள் வரைக்கும் தனிமையில் வைக்க விதி இருக்கு. மண்டபத்தில் ஐந்தாறு நாள் வச்ச அதே கணக்குத்தான், ஆனா இதில் முதல் வகுப்புக்குத் தனிச் சீட்டு கிடையாது.